பொன்னாடை யாருக்கு?

சில காலத்துக்கு முன் எமது நிருவாகக் கூட்டமொன்றில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. உதவி நிதியினால் படித்து இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கும் இளையவர் ஒருவரை ஆண்டு விழா மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க வேண்டும் என்பதே அது. எல்லோரும் மகிழ்ச்சியுடன் கைதூக்கினோம். அவரைப் பற்றிய குறிப்பை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது.

விபரம் கேட்க வீட்டுக்குச் சென்றோம். தேநீர் தந்து உபசரித்த தாயார் சொன்னார்: "தம்பி, நீங்கள் செய்த உதவியைச் சாகும்வரைக்கும் மறக்கமாட்டம். ஆனால் மேடை வேண்டாம். அவனுக்கு இப்ப பொம்பிளை பாக்கிறம். பிறகு சனம் அவன்ர பேரைச் சொல்லாது. உதவிக்காசில படிச்ச பெடியன் எண்டுதான் சொல்லும்."

குறிப்பு எழுதாமலே திரும்பினோம். வழியெல்லாம் ஒரு கேள்வி எம்மை விடவில்லை. துன்பத்தை வென்றவரை மேடையேற்றும்போது நாம் யாரைக் கௌரவிக்கிறோம்? அவரையா, எம்மையா? (அக்குடும்பத்தின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறே இதை எழுதுகிறோம்.)

கௌரவிப்பதே தவறு என்று சொல்ல நாம் வரவில்லை. தமிழ்நாட்டில் நடிகர் சூர்யா 2006 இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையை எம்மவர் பலர் அறிவர். 2020 ஜனவரியில் சென்னையில் நடந்த அதன் விழாவில் ஒரு மாணவி தான் படித்து வந்த கதையைச் சொல்ல, மேடையிலிருந்த சூர்யாவே கண் கலங்கினார். அக்காட்சியைக் கண்டு, தன்னாலும் முடியும் என்று துணிந்த பிள்ளைகள் இருப்பார்கள். உதவ முன்வந்தவர்களும் இருப்பார்கள். தன் கதையைத் தானே சொல்ல விரும்பி ஒருவர் எழுந்து நிற்பது பெருமைக்குரியது. ஆனால் அவர் விரும்பிச் சொல்வது வேறு, நாம் அழைத்துச் சொல்ல வைப்பது வேறு. உதவி பெற்றவருக்கு "மாட்டேன்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். நன்றி மறவாமை பெற்றவருடைய அறம். கொடுத்தவருடைய அறமோ, திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கொடுப்பது. ஒருவருடைய கடமையை மற்றவர் தமது உரிமையாக ஆக்கிக்கொள்ள முடியாது.

கணக்குத் தொழில் பார்ப்பவர் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மாணவருக்குக் கொடுத்த உதவியை எமது ஏட்டில் செலவாக எழுதுகிறோம், கடனாக அல்ல. கடனாக எழுதாத ஒன்றுக்கு, பத்து ஆண்டுகளின் பின் மேடையில் வைத்து வட்டி கேட்பது எந்த முறை? பிரான்ஸ் நாட்டு வரிச் சட்டமும் இதையே கூறுகிறது. நேரான கைம்மாறு எதையும் பெறாமல் கொடுத்தால்தான் அது நன்கொடை. தகுதி பெற்ற பொதுநல அமைப்பொன்றுக்கு 100 ஈரோ கொடுப்பவருக்கு, சட்டம் விதித்த எல்லைக்குள், வருமான வரியில் 66 ஈரோ கழிக்கப்படுகிறது. அப்படியானால் அவர் கையிலிருந்து போனது 34 ஈரோ மட்டுமே. மிகுதி அரசின் வருமானத்திலிருந்து, அதாவது எல்லோருடைய பணத்திலிருந்தும் போகிறது. கொடுத்தவர் என்று மேடையில் தனியே உரிமை கொண்டாட எவருக்கும் பெரிய இடமில்லை.

லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் ஆலயம் தோன்றிய அதே 1985 ஆம் ஆண்டில்தான், நகைச்சுவை நடிகர் கொலூஷ் வறியவர்களுக்கு உணவு வழங்கும் 'றெஸ்ரோ து கேர்' அமைப்பைத் தொடங்கினார். அங்கு உணவு பெற வந்தவர்கள் சிலர் பின்னர் அங்கேயே தொண்டர்களாகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கௌரவம் செய்வதற்கு ஒரு வேலை. வந்த புதிதில் நாமும் பெயர் தெரியாதவர் தந்த குளிர்ச்சட்டையை அணிந்தே முதல் மாரியைக் கழித்தோம். இன்றுவரை எவரும் எம்மை அழைத்து அதை நினைவூட்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த நன்றி இன்னும் குறையவில்லை. எமது தேர்த் திருவிழாவன்றும் அப்படித்தானே? வீதி நெடுகக் கடைக்காரர்கள் தாகத்துக்குத் தருகிறார்கள். வாங்கிக் குடிப்பவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நாம் வென்றவர்களை மட்டுமே மேடைக்கு அழைக்கிறோம். அதே நிதியில் உதவி பெற்று, பரீட்சையில் தவறி, இன்றும் உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவுபவர் எங்கே? அவருக்குச் செய்த உதவி வீணா? வெற்றியை மட்டும் கொண்டாடப் பழகினால், நாளடைவில் வெல்லக்கூடியவருக்கே கொடுப்போம். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தில் அமரர் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் ஆதரவற்ற பெண்பிள்ளைகளை இல்லம் அமைத்து வளர்த்ததை நாம் அறிவோம். ஆதரவு தேவை என்பதே அங்கு தகுதியாயிற்று.

ஆகவே அடுத்த கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கூறினோம். ஒருவரைக் கௌரவிப்பதானால் முதலில் தனிமையில் கேட்போம், மறுத்தால் காரணம் கேட்காமல் விடுவோம். கௌரவிப்பது அவர் செய்த பணிக்காக இருக்கட்டும், பெற்ற உதவிக்காக அல்ல. கொடுத்தவர்களின் நம்பிக்கைக்கு ஒரு மனிதரைச் சாட்சி நிறுத்தாமல், வரவு செலவுக் கணக்கை விழாவில் வாசிப்போம்.

"பிள்ளைகளுக்கு முன்மாதிரி வேண்டாமா?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஓர் இளையவர் வந்து தம் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். அவர்களில் உதவி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

அன்பர்களே, கொடுப்பதற்கு மனம் வேண்டும். கொடுத்ததை மறப்பதற்கு அதனினும் பெரிய மனம் வேண்டும். இரண்டையும் விநாயகப் பெருமான் எமக்குத் தந்தருள்வாராக.