மரச்சுவரும் மனச்சுவரும்

இறைவனுக்கு எடுக்கும் இல்லம் எப்பொருளால் அமைய வேண்டும்? மரத்தாலா, செங்கல்லாலா, கருங்கல்லாலா? தோட்டத்து லயத்தில் வாழும் பாட்டாளியைக் கேட்டால், "கையில் உள்ளதைக் கொண்டு கட்டுவோம்" என்பார். நகரத்துச் செல்வரைக் கேட்டால், "நாலுபேர் கண்டு மதிக்கும்படி கட்டுவோம்" என்பார். இவ்விரு விடைகளுள் அறத்தோடு பொருந்துவது எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நமது கோலாலம்பூர் ஒருகாலத்தில் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த ஊர். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அதனை அடுத்தடுத்து அழித்தன. மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், இனி வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் ஆகவேண்டுமெனப் பணித்தார். சூளைகள் புகைந்தன, பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே அச்சூளைகளால் வந்தது. இவ்வாறு ஊர் செங்கல்லுக்கு மாறிவந்த நாளில், 1887-ஆம் ஆண்டு, பிளஃப் ரோட்டுக் குன்றின்மேல் ஆங்கிலிக்கன் சபையார் ஒரு சிறு மரக்கோயில் எழுப்பினர். அது நெடுநாள் நிற்கவில்லை. நார்மன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த தூய மரியாள் ஆலயம் 1895-இல் செங்கல்லால் எழுந்து இன்றும் நிற்கிறது. மரக்கோயிலோ மறைந்தது.

மறைந்ததற்காக வருந்த வேண்டுமா? மரத்துக்குக் கறையான் பகை, மழை பகை, தீ பெரும்பகை. ஆகவே மரக்கோயிலை உடையவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிப் பலகை மாற்ற வேண்டும். கூரை வேய வேண்டும். காசில்லாதவர் கைகொடுப்பார், கைத்தொழில் அறியாதவர் தண்ணீராவது சுமப்பார். அந்தக் கோயில் நிற்பதே அவர்களது ஒற்றுமையால்தான். கற்கோயிலை எழுப்பியவர் மறைந்தபின் அவரது பெயர் பளிங்கில் நிற்கும்; பிள்ளைகள் யாதும் செய்யாமலே பெருமை கொள்ளலாம். மரத்தின் நலிவே மக்களை இணைக்கும் கயிறாவதைக் கண்டீரா?

ஆயினும் மரமென்பதாலேயே ஒரு கோயில் தூயதாகிவிடாது. எப்பொருளால் கட்டினாலும் அதனுள் எழும் மனச்சுவர் ஒன்றுண்டு. அதுவே ஜாதி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கிறிஸ்தவ சபையில் ஜாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் ஜாதியை விடமாட்டோமென்று சபையையே விட்டனர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலுக்கோ இரு நீண்ட கூடங்கள்! ஒரே பீடத்தை நோக்கி இரு ஜாதியார் தனித்தனியே அமர்வதற்கென்றே அவ்வாறு கட்டினார்கள். 1910-இல் பிரிவினைச் சுவரை அகற்றியபோது, அதனை மீண்டும் கேட்டு வழக்காடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. ஜாதியுரிமை அங்கே நிற்கவில்லை. கற்சுவரை ஒரே நாளில் இடித்துவிட்டார்கள். மனச்சுவரை இடிக்க எத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன!

இதனைக் கிறிஸ்தவர் குறையென்று பிறர் நகைக்க வேண்டா. நம் நாட்டு மாரியம்மன் கோயில்களிலும் இதே நோய் இருந்ததை நம் மூத்தோர் அறிவர். கப்பலேறிக் கடல் கடந்தபோது கூடவே மூட்டை கட்டிவந்த சரக்கல்லவா அது?

"இறைவன் எங்கும் உள்ளான், கட்டடம் எதற்கு? அப்பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று வினவுவோரும் உளர். நல்ல வினாவே. பசியும் கல்லாமையும் இருக்கக் கோபுரத்துக்குப் பொன் பூசுவது அறமாகாது. எனினும் ஆறு நாள் கங்காணியின் குரலுக்கு அடங்கி நின்றவன், ஏழாம் நாள் தலைநிமிர்ந்து பிறரோடு ஒரே பலகையில் அமர ஓர் இடம் வேண்டாமா? அவ்விடம் மனிதனுக்கு மதிப்பளிக்குமாயின் அதுவும் ஒரு பள்ளிக்கூடமே.

பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல, வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடம்விட்டன. லயங்களோடு எளியோர் கட்டிய வழிபாட்டிடங்களும் சிதறின. செல்வர் கட்டியதற்குச் சரித்திரம் உண்டு. எளியோர் கட்டியதற்குச் சாட்சி யார்? ஆதலால் எஞ்சியிருக்கும் பழைய மரக்கட்டடம் எச்சமயத்ததாயினும் காக்கத்தக்கதே. ஆனால் காக்கும்போது ஒன்று கேட்போம்: இதனுள் யாரையேனும் வாயிலில் நிறுத்தினோமா? நிறுத்தியிருந்தால் அதனையும் மறையாமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பலகையைப் புதுப்பிக்கும் கையே அப்பழியையும் துடைக்கட்டும்.

கையில் உள்ளதைக் கொண்டு கட்டுவோம் என்ற பாட்டாளியின் விடையே அறத்தின் விடை. அதனோடு ஒன்று மட்டும் சேர்ப்போம்: எதனால் கட்டினும் எல்லோருக்கும் கட்டுவோம். மரச்சுவரைக் கறையான் அரிக்கும். மனச்சுவரை நாமே இடித்தாலன்றி அது விழாது.