விற்ற பொருளும் மறைத்த அறிவும்

பொருளை விற்ற பின்னரும், அப்பொருளோடு பேசும் வழியை விற்றவர் மறைத்து வைத்துக்கொள்ளலாமா? தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றும் இது, அடிப்படையில் ஓர் அறக்கேள்வியேயாகும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய மடிக்கணினியொன்றை வாங்கி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையை நிறுவ முனையும் மாணவர் இன்றும் சில வேளைகளில் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, கம்பியில்லா வலையமைப்பு அட்டை மாத்திரம் ஊமையாய்க் கிடக்கிறது. அட்டையிற் பழுதில்லை. அதற்கும் முறைமைக்கும் இடையே துபாஷியாக நிற்கவேண்டிய 'டிரைவர்' மென்பொருள் இல்லை. அதனை எழுதத் தேவையான விவரங்களை உற்பத்தியாளர் வெளியிடவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர், இலங்கைக் கணினித் தொழிலாளர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடிச் 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோரையும் அகதி முகாம்களையும் பதிவுசெய்ய உதவிய அது, 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. அவர்கள் தம் அறிவை உலகுக்கு ஒளிவின்றி வழங்கினர். ஆனால், அத்தகைய மென்பொருளும் ஒரு முகாமின் பெயர்ப்பட்டியலை மறுமுகாமுக்கு அனுப்ப, வலையமைப்பு அட்டையையே நம்பியிருக்கவேண்டும். பொதுமக்களின் உழைப்பு தனியாரின் பூட்டிய கதவொன்றின் முன் காத்து நிற்பது நியாயமா?

புரோட்கொம் நிறுவனத்தின் அட்டைகளை எடுத்துக்கொள்வோம். தன்னார்வலர்கள் அட்டையின் நடத்தையை ஆராய்ந்து, ஊகித்து, சோதித்து எழுதிய டிரைவர் 2006இல் லினக்ஸோடு சேர்ந்தது. நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டதோ 2010இலேதான். ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றை மீண்டும் கண்டுபிடிக்கச் செலவான அவ்வுழைப்பு, மனித ஆற்றலின் விரயமன்றி வேறென்ன?

வானலைகளின் வலுவைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனைத்தையும் திறந்தால் அவ்வரம்பு மீறப்படும் என்பர் உற்பத்தியாளர். வரம்பு தேவையே. ஆனால், அட்டையை எவ்வாறு தயாரிப்பது என்பது வேறு; அதற்கு எவ்வாறு கட்டளையிடுவது என்பது வேறு. பின்னதைக் கேட்பவர் தொழில் இரகசியத்தைத் திருடுபவரல்லர்.

திறந்திருப்பதனால் மாத்திரம் நம்பகம் பிறந்துவிடாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். எவரேனும் சோதிக்கவேண்டும், பிழை திருத்தவேண்டும். எனினும், உற்பத்தியாளர் கைவிட்ட அட்டையைப் பிறர் பேணுவதற்குத் திறந்த டிரைவரே இடமளிக்கிறது. பழைய இயந்திரங்களைக் கொண்டே வாழவேண்டிய ஏழை நாடுகளுக்கு இது சிறிய விஷயமன்று.

2022இல் டெபியன் சமூகம், அட்டைக்குள் ஏற்றப்படும் மூடிய நிரல்களைத் தன் அதிகாரபூர்வ நிறுவியிற் சேர்க்க வாக்களித்து முடிவுசெய்தது. கொள்கையைக் காப்பதற்காகப் பயனாளரைத் தவிக்கவிட முடியாதல்லவா? அவர்களை நாம் குறைகூறோம். ஆயினும், தேவை காரணமாக ஏற்றுக்கொண்ட ஒன்றை நியாயமென்று எண்ணிவிடலாகாது.

பொதுப்பணத்திற் கணினி வாங்கும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும், "இதன் டிரைவர் திறந்ததா?" என விலைமனுவிலேயே கேட்கட்டும். வாங்குபவர் தனித்தனியே முணுமுணுத்தால் கொம்பனிகள் செவிசாயா. ஒன்றுசேர்ந்து நிபந்தனை விதித்தால் கேட்டே ஆகவேண்டும்.