யாருக்குத் தெரியாத இடம்?

‘அதிகம் பேருக்குத் தெரியாத இடம்’ என்று சொல்கிறோமே, அந்தப் ‘பேர்’ கணக்கில் யாரெல்லாம் வருகிறார்கள்? பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் சின்னப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் அந்த ஊர் தெரியும். மீன் எடுக்க வரும் வியாபாரிகளுக்குத் தெரியும். பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் பதினோரு பேருக்குத் தெரியாது. ஆகவே அது ‘தெரியாத இடம்’.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். ராமேஸ்வரம் எங்களுக்குக் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம். அதனால் லாங் வீக்எண்ட் வந்தாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: “நீ அந்த சைடுதானே, கூட்டம் இல்லாத பீச் ஒண்ணு சொல்லேன். தனுஷ்கோடியெல்லாம் இப்ப மெரினா மாதிரி ஆயிருச்சு.” சாதாரணக் கேள்விதான். ஆனால் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தால் அது சாதாரணமாக இருப்பதில்லை.

இணையத்தில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி லொகேஷன் போட்டு ரீல்ஸ் விடும். இன்னொரு கட்சி, சொன்னால் இடம் கெட்டுப்போகும் என்று புகைப்படத்தை மட்டும் போட்டு இடத்தின் பெயரை மறைக்கும். இரண்டாவது கட்சி கொஞ்சம் உயர்ந்த ஒழுக்கம் உடையது என்று பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் உள்ளே வந்தாச்சு, இனி கதவைச் சாத்துங்கள் என்பதில் என்ன ஒழுக்கம்? சொல்கிறவரும் மறைக்கிறவரும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். இடம் கண்டுபிடித்தவருக்குச் சொந்தம், அதைக் கொடுப்பதும் ஒளிப்பதும் அவர் இஷ்டம்.

தனுஷ்கோடிக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது. எங்கள் அப்பத்தா தலைமுறைக்கு அது யாரும் பார்க்கப்போன இடமில்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலிலிருந்து கப்பலுக்கு மாறும் இடம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு போட் மெயிலில் தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். செட்டிநாட்டிலிருந்து இலங்கைக்குக் கடை வைக்கப் போனவர்களும் கணக்கெழுதப் போனவர்களும் அந்த வழியில் போயிருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும், ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் போயின. வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்னால் உள்ளூர் வேன்களில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போகவேண்டும். இப்போது காரை விட்டு இறங்காமலே முனை வரை போய்விடலாம். போகிறவர்கள் இடிந்த சர்ச் முன்னால் நின்று படம் எடுத்து, ‘பேய் நகரம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். இரண்டு அடி கேமராவைத் திருப்பினால் குடிசையும் வலையும் காயப்போட்ட துணியும் தெரியும். அங்கே குடியிருக்கிறவரைப் பேய்க்கணக்கில் சேர்த்தால்தான் ‘கைவிடப்பட்ட ஊர்’ என்ற வர்ணனை பொருந்தும்.

இதையெல்லாம் இவ்வளவு சூடாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊருணியையும் யாரோ ‘கண்டுபிடித்து’ மேப்பில் பின் குத்திவிட்டார்கள். செம்புராங்கல் படிகள் இறங்கும் அழகான ஊருணி, ஒத்துக்கொள்கிறேன். அது குடிக்கிற தண்ணீர். செருப்போடு கரையில்கூட ஏறமாட்டோம். பெரிய வீடுகளில் ப்ரீ-வெட்டிங் ஷூட் முடித்துவிட்டு அப்படியே வந்து படியில் காலை நனைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்ல வாய்ப்பே இல்லாமல் மேப் அவர்களை நேரே படியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

முன்பெல்லாம் புது ஊருக்குப் போனால் டீக்கடையில் நிறுத்தி வழி கேட்கவேண்டும். “ஊருணிக்கு எங்கிட்டுப் போகணும்ணே?” என்று கேட்டால் வழி மட்டும் வராது. “எதுக்குப் போறீக? அது குடிக்கிற தண்ணியில்ல, செருப்பக் கழட்டிட்டுப் போங்க” என்பதும் சேர்ந்து வரும். வழி கேட்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அனுமதி கேட்பது. எங்கள் தொழிலில் ரேட் லிமிட் என்று ஒன்று உண்டு. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்கு இத்தனை பேர்தான். டீக்கடைப் பெஞ்சு ஊருக்கு ரேட் லிமிட்டாக இருந்தது. ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை பேருக்குத்தான் பொறுமையாக வழி சொல்வான்?

இந்த உவமையை மிகவும் ரசித்து, கல்லூரி நண்பன் ஒருவனிடம் போனில் சொன்னேன். அவன் தலித். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு மேப்புதான்டா நல்லது. அது ஆளப் பாத்து வழி சொல்லாது” என்றான்.

எங்கள் பக்கத்து டீக்கடை பெஞ்சுகள் “எதுக்குப் போறீக?” என்பதோடு நிறுத்தியதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “தம்பி எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ள?” என்பது அடுத்து வரும். கேட்கும் தொனியில் அன்புகூட இருக்கும். பதிலைப் பொறுத்து டீ வரும், அல்லது வேறு டம்ளரில் வரும், அல்லது வழியே மாறும். நான் ரேட் லிமிட் என்று கொண்டாடியது அவனுக்கு ஒயிட்லிஸ்ட். ஊருணியின் படிகளும் அப்படித்தான். செருப்பைக் கழற்று என்ற விதிக்குத் தண்ணீர்தான் காரணம். ஆனால் யாரெல்லாம் அந்தப் படியில் இறங்கலாம் என்ற விதிக்கு ஒருகாலத்தில் தண்ணீரா காரணம்?

அவன் சொன்னதற்குப் பிறகு ‘உள்ளூர்க்காரர்களே முடிவு செய்யட்டும்’ என்று அழுத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை. அதற்காக பின் குத்துகிறவர்கள் பக்கமும் போய்விட முடியவில்லை. சின்னப்பாலம் குறுக்கே நிற்கிறது.

அந்தக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது அவர்கள் வேலை செய்த இடமே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடமானது. இப்போது அதில் ஒன்றான குருசடைக்கு வனத்துறையே சுற்றுலாக்காரர்களைப் படகில் அழைத்துப் போகிறது. இந்தப் பெண்களுக்காகப் பேசிய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. பாசி எடுப்பவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் எடுக்காமல் இருப்பது. படிப்பறிவு சொல்லித்தந்ததில்லை இது. அந்தத் தண்ணீருக்குள் இருந்து பார்த்தவர்கள் போட்ட கணக்கு.

நான் யோசித்துச் சேர்ந்திருக்கும் இடம் இதுதான். “எதுக்கு வர்றீக?” வேறு கேள்வி, “யாரு வீட்டுப் புள்ள?” வேறு கேள்வி. முதலாவது வருகிறவன் அங்கே என்ன செய்வான் என்று பார்க்கிறது. பதிலை அவன் மாற்றிக்கொள்ளலாம், செருப்பைக் கழற்றலாம், நாளைக்கு வரலாம். இரண்டாவதற்கு அவனால் பதிலை மாற்ற முடியாது. பன்னிரண்டு நாள் கணக்கு கடலைப் பார்த்துப் போட்டது, அதனால் அது யாரிடமும் செல்லும். என்னிடமும், என் டீமிடமும், வனத்துறையிடமும். ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவரும் சங்கு மாலை விற்கிறவரும் இன்னும் நாலு பேர் வரட்டும் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் அவர்கள் சொல்லவேண்டியது, மாலை ஆறு மணிக்கு வந்து விடியும் முன் திரும்புகிற நான் அவர்கள் சார்பில் கடற்கரையைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

ஆகவே இப்போது யாராவது கேட்டால் பின் அனுப்புவதில்லை, ஊர்ப் பெயரை மறைப்பதுமில்லை. பாம்பனில் இறங்கி விசாரித்துப் போங்கள், பாசிக்குப் போகிற நாளா என்று கேளுங்கள் என்கிறேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். தமிழ் தெரியாதவர்கள் எப்படி விசாரிப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான், கஷ்டம்தான்.

இந்த இரண்டு கேள்வி விஷயத்தை நண்பனிடமும் சொன்னேன். “நல்லாத்தான் பிரிச்சிருக்க. உங்க ஊருணிக்கு நான் வந்தா, ரெண்டுல எதக் கேப்பாங்க?” என்றான்.

முதலாவதைத்தான் கேட்பார்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஊரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். “வந்து பாரு, நானும் கூட இருக்கேன்” என்றேன். “நீ இல்லாம வந்தா?” என்றான்.