ஆட்சிமொழியும் அமானிதமும்

மாந்தரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. மொழிகள் பலவாயிருப்பது அவன் வகுத்த நியதி. அரசாங்கக் கோப்புகளோ ஓரிரு மொழிகளில்தான் இயங்க இயலும். அவ்வாறாயின், அம்மொழியை அறியாதாருக்கு அரசு ஆற்றவேண்டிய கடமை யாது?

சென்னைக்கு இவ்வினா புதிதன்று. 1918இல் காந்தியடிகள் தோற்றுவித்த தட்சிண பாரத இந்திப் பிரசார சபை தியாகராய நகரில் இருக்கிறது, விரும்புவோர் பயில்கின்றனர். அதே மொழி தனி ஆட்சிமொழியாகிவிடும் என்னும் அச்சம் எழுந்தபோது, 1965இல் மாநிலமே கொந்தளித்தது. விரும்பிக் கற்பது வேறு. வாழ்வதற்கே நிபந்தனையாக்கப்படுவது வேறு.

இஸ்லாமிய வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. சிரியாவின் வரிக்கணக்குகள் கிரேக்கத்திலும், இராக்கின் கணக்குகள் பஹ்லவியிலும் பல்லாண்டுகள் எழுதப்பட்டன. அவை அரபிக்கு மாறியது கலீபா அப்துல் மலிக் (685–705) காலத்தில்தான். வேதத்தின் மொழியாயிற்றே என்று, நாட்டை வென்ற மறுநாளே அதை எவர்மீதும் சுமத்தவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குச் சாட்சியாகச் சென்றிருந்தேன். கையொப்பமிட வேண்டியவர் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு விதவை. தமிழ் பேசுவார், படிக்க அறியார். "கையெழுத்து மட்டும் போடுங்கள், அம்மா" என்றார்கள். நான் வாசித்து உருதுவில் விளக்கிய பின்னரே, தமக்கென்று சொல்லப்பட்ட மாடிப் பகுதி மைத்துனர் பெயரில் எழுதப்பட்டிருப்பதை அவர் உணர்ந்தார்.

பதிவு அதிகாரி அறியாததும் மாவட்டத்தில் வழங்காததுமான மொழியில் பத்திரம் வந்தால், மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிகாரிக்கு அது காப்பு. கையொப்பமிடுபவருக்கு எது காப்பு? கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், எழுதுபவன் நீதியோடு எழுதவேண்டும் என்கிறது. கடன்படுபவனே வாசகத்தைச் சொல்லவேண்டும், அவனால் இயலாவிடில் அவனுடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்லவேண்டும் என்றும் விதிக்கிறது. பொறுப்பை ஏற்பவன் அதனை அறிந்தே ஏற்கவேண்டும் என்பதன்றோ இதன் உட்கருத்து?

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் இங்கே ஆட்சிமொழியாயிற்று. அது நம் உரிமை. உயர் நீதிமன்றத்தில் தன் வழக்கே ஆங்கிலத்தில் நடக்க, ஒன்றும் விளங்காது அமர்ந்திருக்கும் தமிழனின் வேதனையை நாம் அறிவோம். அவ்வேதனையை அறிந்த நாம், நம் மொழி அரியணை ஏறிய இடத்தில் உருது பேசுபவரையும், பிழைப்புத் தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளியையும் அதே நிலையில் அமர்த்தலாகாது. ஆட்சிமொழி என்பது ஆள்பவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அறியாதவருக்கு விளங்கவைத்த பின்னரே அது நிறைவேறும்.

அந்நீதியுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!