மட்டை எட்டாத இடம்

பேரிகைப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்தும் எல்லையூர்க் கடை அது. பாகலூர் வழியாக ஓசூர் செல்லும் பேருந்துக்காக நான் காத்திருந்தேன். நான் நன்கறிந்த குடும்பத்து இளைஞன் ஒருவன் அருகில் அமர்ந்து கைப்பேசியில் பந்தாடிக்கொண்டிருந்தான். திரையின் மேற்புறம் வண்ணச் செங்கற்களால் ஆன சுவர். கீழே சிறு மட்டை. இடையே ஓயாமல் எகிறும் பந்து.

"இதை எப்படித் தம்பி ஆடுவது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை ஃபாதர். விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தணும். பந்து கீழே விழாமப் பார்த்துக்கணும். அவ்வளவுதான்" என்றான். சற்றுப் பொறுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் விட்டுட்டேன் ஃபாதர். அதான் வேலை போச்சு" என்றான்.

(இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, கடைவீதியில் கேட்டது. அவனுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.)

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. ஓடும் பெல்ட்டில் வரும் உறுப்புகளைப் பார்த்து, குறையுள்ளதைப் பொறுக்கி எடுப்பது அவன் வேலை. குறித்த எண்ணிக்கையை எட்டிவிட்டால் மறுநாள் பெல்ட்டின் வேகம் கூடுமாம். தொடர்ந்து மூன்றாம் இரவு ஷிப்டில் குறையுள்ள சில உறுப்புகள் அவன் கையைக் கடந்து போய்விட்டன. வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். மாத முடிவில் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. "என் தப்புதானே ஃபாதர்?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். பாகலூர் வருவதற்குள்ளாகவே அந்த விடை என்னை உறுத்தத் தொடங்கிற்று. அவன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கதையைப் பிறகு படித்தறிந்தபோது, அவனுடைய கேள்விக்கு நான் எவ்வளவு எளிதாக விடையளித்துவிட்டேன் என்று விளங்கியது.

அதன் மூதாதை, 1972-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் ஆட்டம். நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நோலன் புஷ்னெல், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஆலன் ஆல்கார்னுக்குப் பயிற்சியாகக் கொடுத்த வேலை அது. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் முதல் இயந்திரத்தை வைத்தார்கள். சில நாட்களில் அது நின்றுபோயிற்று. திறந்து பார்த்தால், உள்ளே நாணயங்கள் நிரம்பி வழிந்ததே கோளாறுக்குக் காரணமாம்!

ஆடுவோர் இருவர், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குமிழ். அதைத் திருப்பினால் மட்டை மேலும் கீழும் நகரும். முன்னே வர இயலாது. பந்தைப் பிடித்து நிறுத்த இயலாது. ஓங்கி அடிக்கவும் இயலாது. பந்தை முதலில் செலுத்துவதுகூட இயந்திரந்தான். ஒருவர் தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. ஆனாலும் இந்தச் சிறு உரிமைக்குள் ஒரு கலை இருந்தது. மட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடுப்பகுதியில் பட்ட பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டது சாய்வாகப் பாயும். எங்கே ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எப்படித் திருப்புகிறோம் என்பது அமைந்தது. தவறாமல் ஆட ஆடப் பந்தின் வேகம் கூடும். தவறவிட்டாலோ அடுத்த பந்து மெதுவாகவே வரும். இந்த இரக்கத்தை எந்தத் தொழிற்சாலையிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. மின்சுற்றின் எளிமையால் விளைந்த ஒரு குறை: மட்டை திரையின் மேல் விளிம்பு வரை செல்வதில்லை. அங்கே ஒரு சிறு இடைவெளி. அதன் வழியே வரும் பந்தை எவராலும் திருப்ப முடியாது. ஆல்கார்ன் இதை அறிந்திருந்தார், அறிந்தே விட்டுவைத்தார். இடைவெளி இல்லையேல், திறமைசாலிகள் இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டே இருப்பார்களாம். ஆக, தோல்வி அந்த இயந்திரத்துக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது.

1976-இல் அதே நிறுவனம் 'பிரேக்அவுட்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. எதிராளி போய், எட்டு வரிசைச் செங்கற்சுவர் வந்தது. மட்டை கீழே படுத்துக்கொண்டு இடமும் வலமும் நகர்ந்தது. தேநீர்க் கடையில் நான் கண்டது இதன் வழித்தோன்றல். இதில் வியப்பான விதி ஒன்று உண்டு. சுவரைத் துளைத்துப் பந்து மேல்விளிம்பைத் தொட்டுவிட்டால், ஆடுபவரின் மட்டை பாதியாகக் குறுகிவிடும். நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பரிசு அது! (இந்த ஆட்டத்தின் முன்மாதிரியை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், இதையே மனத்தில் வைத்து 1977-இன் ஆப்பிள் 2 கணினியின் வண்ணத்தையும் ஒலியையும் அமைத்தார். அந்த ஆப்பிளின் கைப்பேசி உறுப்புகள் இன்று ஓசூர்ப் பகுதியிலேயே உருவாகின்றன. நம் இளைஞன் பணியாற்றிய இடம் அதுவன்று.)

எட்டாத இடத்தில் விழுந்த பந்துக்கு ஆடியவர் பொறுப்பாவாரா? குருமடத்து அறநெறி இறையியல் வகுப்பில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அறிவும் முழு விருப்பமும் இன்றிக் கனமான பாவமில்லை. இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர். தேர்வில் நினைவிருந்தது தேநீர்க் கடையில் மறந்துவிட்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவரைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்டதை எத்தனை முறை பலிபீடத்தருகே நின்று விளக்கியிருக்கிறேன்! எனினும் விழுந்தவனைக் கண்டதும் நாவில் முதலில் வருவது "கவனமாக இருந்திருக்கலாம்" என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு அத்தகைய வீழ்ச்சி வராது என்று ஒரு நிம்மதி.

ஆட்டத்தின் இடைவெளியை நான் குறை கூறமாட்டேன். அது இருவருக்கும் சமமாக இருந்தது. விரும்பியவர் நாணயம் போட்டார். வேண்டாதவர் எழுந்து சென்றார். தோற்றவருக்கு இழப்பு ஒரு நாணயமே. பெல்ட்டின் முன் நிற்பவன் நிலையோ வேறு. வேகத்தைக் கூட்டுபவர் அங்கே மட்டையோடு நிற்பதில்லை. மூன்று இரவு உறங்காத கண்ணுக்கு எது எட்டும், எது எட்டாது என்பது கணக்கிட முடியாததன்று. கணக்கிட்டுவிட்டே வேகம் கூட்டப்படுமானால், அந்த இடைவெளிக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். பந்து விழுந்த பின் குமிழைப் பிடித்திருந்த கையை மட்டும் விசாரிப்பது நீதியாகுமா?

இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியாமலில்லை. எட்டிய பந்தையும் எட்டாதது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் மனம் நம்மிடையே ஏராளம். குடும்பத்தைக் கைவிட்டவர் விதியைச் சொல்வார். படிக்காத மாணவர் வினாத்தாளைச் சொல்வார். ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரமும் வள்ளுவர் வகுத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கவில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்தப் பந்து எந்த வகை என்று தெரிவதில்லை. ஆடியவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் எப்போதும் தெரிவதில்லை.

அடுத்த வாரம் அவனை மீண்டும் சந்தித்தேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, மேல் விளிம்பின் இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். ஆவலோடு கேட்டான். தன் கைப்பேசி ஆட்டத்தில் அப்படி இடைவெளி இல்லை, மூலை வரை மட்டை போகிறது என்று நகர்த்தியும் காட்டினான். பிறகு சொன்னான்:

"அன்னைக்குப் போனதுல நிறைய எனக்குத் தெரியவே தெரியாது ஃபாதர். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. கை நீட்டியிருந்தா எடுத்திருக்கலாம். நீட்டலை."

"ஏன் தம்பி?"

"தெரியலை. போகட்டும்னு தோணிச்சு."

அந்த ஒன்றை மட்டும் அவன் தன் கணக்கில் வைத்துக்கொண்டான்; நானும் மறுத்துரைக்கவில்லை. ஓசூர்ப் பேருந்து வந்தது. வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களாம். சான்றிதழ்களைக் கையில் பிடித்தபடி அவனும் என்னோடு ஏறினான்.