காத்துக்கும் சேரி உண்டு

எங்க ஊரில் சேரி கிழக்கே இருக்கிறது. ஏன் என்று சின்ன வயசில் பாட்டியிடம் கேட்டேன். "ஆடியில காத்து மேக்கால இருந்துதானடா அடிக்குது. ஊர்க் காத்து நம்ம மேல வரலாம். நம்ம காத்து ஊருக்குள்ள போவக்கூடாது" என்றது பாட்டி. குளத்தைப் பிரித்தார்கள், சுடுகாட்டைப் பிரித்தார்கள் என்று எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மேடையில் பேசுகிறேன். காற்றையும் பிரித்தார்கள் என்பதைக் கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிதான் சொல்லிக்கொடுத்தது.

இன்றைக்கு நகரத்துக் காற்றைச் சுத்தம் செய்ய அரசு இறங்கியிருக்கிறது. 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. பதினைந்தாவது நிதிக்குழு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு இதற்கென்று பணம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி அதில் வந்தன. ரோடு கூட்டும் மிசின், தண்ணீர் தெளிக்கும் லாரி, நடைபாதை என்று வேலை நடக்கிறது. நல்லதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் பி.எம்.2.5 ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, பி.எம்.10 என்றால் 60 என்பது நம் நாட்டு அளவு.

சராசரி. அந்தச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். யாருடைய மூச்சின் சராசரி?

வண்டி விடும் புகை, டயரும் பிரேக்கும் தேய்ந்து உதிரும் பொடி, கட்டட மண் எல்லாம் ரோட்டில் படிகிறது. அடுத்த சக்கரம் அதைக் கிளப்புகிறது. விடியற்காலையில் விளக்குமாறும் அதையே கிளப்புகிறது. கருவி ஆள் உயரத்துக்கு மேலே நின்று அளக்கிறது. குனிந்து கூட்டுகிறவளின் மூக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

எங்க பெரியம்மா ஒரு நகரத்தில் இருபது வருசம் தெருக் கூட்டியது. ஒப்பந்தக் கூலி. முந்தானையைச் சுற்றிக்கொண்டதுதான் மூக்குக்குக் காவல். இப்போது ராத்திரி முழுக்க இருமல். போன வருசம் ஒரு கூட்டத்தில் பேசினேன்: "விளக்குமாத்த ஒழிக்கணும், மிசின் வரணும்." கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து பெரியம்மா எழுந்தது.

"மிசின் வந்தா மூச்சு நல்லாருக்கும், சரி. சோறு யாருடா போடுவா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்னொன்றும் உறைத்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் போனது மோட்டார் பைக்கில். தூசியைக் கிளப்புகிறவர்களில் நானும் ஒருத்தன். தின்கிறது பெரியம்மா.

பல நாள் யோசித்தேன். மூச்சா சோறா என்று ஒருத்தியிடம் கேட்பதே அநீதி. டாக்டரிடமோ வக்கீலிடமோ யாரும் அப்படிக் கேட்பதில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். தூசியும் அப்படிப் பிரிக்கப்பட்டதுதான். எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்பது கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து சொல்கிற பேச்சு.

விளக்குமாறு நம் பெருமை அல்ல. அதைக் காப்பாற்ற நான் எழுதவில்லை. ஆனால் அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதற்குப் பெயர் விடுதலையும் அல்ல. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்களே, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குத் தராதே என்று. ஒரு நகரம் சுத்தமாவது யாருடைய செலவில் என்ற கேள்வி அந்த வாசலிலும் உட்கார்ந்திருந்தது.

1927-இல் மகாட் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்து உரிமையை நிறுவினார்கள். காற்றைக் கையில் அள்ள முடியாது. அதனால் கேட்க வேண்டியதை நேராகக் கேட்போம். தூசியை அதிகம் தின்கிறவரின் மூச்சை முதலில் அளக்கணும். அவருக்கு நிரந்தர வேலையும் மருத்துவமும் தரணும். மிசின் வந்தால் அதை ஓட்ட அவருக்கும் அவர் பிள்ளைக்கும் சொல்லித்தரணும். அந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போக நினைத்தால் அதற்கும் வழி திறந்திருக்கணும்.

இதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இருமி முடித்துவிட்டுக் கேட்டது:

"இத எழுதுனியே, அந்த ஆபீசுல போய் எப்போடா கேக்கப் போறோம்?"