ஒரே ஒரு ஆல்பம்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு எதையும் நூற்றாண்டுக் கணக்கில் பார்க்கிற பழக்கம் உண்டு. கோயிலின் தெற்கே அடித்தளத்தோடு நின்றுபோன ராயகோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறை அதன் கீழே நடந்து போயிருக்கிறது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முன்னின்று நடத்த, 1987-ல் அது 13 நிலைகளோடு 236 அடி ராஜகோபுரமாக எழும்பியபோதுதான் ஊருக்கு நிம்மதி வந்தது. தொடங்கினால் முடிக்க வேண்டும், முடித்தது நிற்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் யாரும் தனியாகச் சொல்லித் தராத பாடம். அப்படி வளர்ந்த நான், ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுப் பிரிந்துபோன மூன்று பேரைப் பற்றிப் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீடிக்காத ஒன்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூவரும் மலேசியத் தமிழர்கள். யோகி பி முதலில் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற குழுவில் இருந்தவர். 1998-ல் வந்த அதன் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் நான்கும் புழங்கின. அந்தக் குழுவும் நிலைக்கவில்லை. பிறகு டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் இருவரின் ‘நட்சத்ரா’வோடு அவர் சேர்ந்தார். ‘யோகி பி – நட்சத்ரா’ என்ற பெயரில் 2006-ல் ‘வல்லவன்’ வெளிவந்தது. (அதே ஆண்டு சிம்புவின் படமும் அதே பெயரில் வந்ததால், கடையில் கேட்டால் அந்த சிடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.) அவ்வளவுதான். அதற்குப் பின் மூவரும் சேர்ந்த இன்னொரு ஆல்பம் இல்லை.

அதற்கு முன்பு தமிழில் ராப் என்றால் எங்களுக்கு 1994-ல் வந்த ‘காதலன்’ படத்துப் பேட்டை ராப்தான். சுரேஷ் பீட்டர்ஸும் தேனி குஞ்சரம்மாளும் ஷாகுல் ஹமீதும் அமர்க்களப்படுத்திய பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனாலும் அது ஒரு படத்துக்குள் இருந்த பாட்டு. படமும் இல்லாமல் கதாநாயகனும் இல்லாமல், பாடுகிறவன் தன் பெயரைச் சொல்லித் தன் கதையைத் தானே தமிழில் சொல்லலாம் என்பது ‘வல்லவன்’ வந்த பிறகுதான் எங்கள் வயதுப் பையன்களுக்கு உறைத்தது.

திருச்சிக்கு அது வந்த வழியும் திருச்சிக்கே உரியது. புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற எங்கள் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். திரும்பி வரும்போது பெட்டியில் கோடாலித் தைலமும் மைலோவும் இருக்கும். என் நண்பனின் மாமா கொண்டுவந்த பெட்டியில் அவற்றோடு இந்த சிடியும் இருந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டோம். எங்களில் ஒருவன் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தான். பாட்டு ஓடும்போதே தொடையில் ஆதி தாளம் போட்டு எண்ணிப் பார்த்தான். ராப்பில் வழக்கமாக ஒரு பத்திக்குப் பதினாறு பார், பாருக்கு நான்கு அடி, ஆக 64 அடி. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் அது சரியாக எட்டு ஆவர்த்தனம். “டேய், கணக்கு நம்ம கணக்குடா!” என்று கத்தினான். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் திருச்சி தாயுமானவன் போன்றவர்கள் பேர் வாங்கிய ஊர் இது. சொல்லைத் தாளத்தில் அடுக்குவது எங்களுக்கு அந்நியமாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஆல்பத்தில் எல்லோரையும் எட்டியது ‘மடை திறந்து’. 1980-ல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு, எஸ்.பி.பி. பாடியது. எழுதியவர் வாலி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எங்கள் ரங்கராஜன்! கையில் காசும் வேலையும் இல்லாத ஒரு இளைஞன் தன் மனதுக்குள் பெரிய இசைக்கலைஞனாக நிற்கிற பாட்டு அது. படம் ஓடவில்லை. வேலையில்லாத இளைஞர்களின் துயரத்தைத் தீபாவளி நாளில் யார் பார்ப்பார்கள்? ஆனால் ஓடாத அந்தப் படத்திலிருந்துதான் வைரமுத்து வந்தார். அதில் நடித்த ரவி இன்றைக்கும் நிழல்கள் ரவிதான். கால் நூற்றாண்டு கழித்து மலேசியாவில் மூன்று பேர் அந்தப் பல்லவியை எடுத்துத் தங்கள் சொற்களை அதைச் சுற்றி அடுக்கினார்கள். கனவு கண்டவனின் பாட்டு, கனவு காண்கிறவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

வாலியின் கதையில் இன்னொன்றும் உண்டு. இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் ‘நேதாஜி’ என்றொரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் எழுத்தாளர் கல்கி. அந்த விழாவுக்கு வந்திருந்த வானொலி அதிகாரி ஒருவர் மூலம்தான் திருச்சி வானொலிக்கு எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பத்திரிகையை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. அதை நின்றுபோன பத்திரிகை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் ‘ஃப்யூஜீஸ்’ மூவரும் இப்படித்தான். 1994-ல் ஒன்று, 1996-ல் ‘தி ஸ்கோர்’ என்று இரண்டே ஆல்பம். ராபர்ட்டா ஃப்ளாக் எழுபதுகளில் புகழ்பெறச் செய்த ஒரு பழைய பாட்டை எடுத்துத் தங்களுடையதாக்கினார்கள், உலகம் முழுக்கக் கேட்டது, அடுத்த ஆண்டே ஆளுக்கொரு பக்கம் போனார்கள். முப்பது வயதைத் தொடாத மூன்று பேர், ஆளுக்கொரு தனித்திறமை, ஒரே ஒரு மைக். ராப் குழுக்கள் சீக்கிரம் உடைவதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது நாம் அந்த உடைவைப் படிக்கிற விதம். பங்காளிகள் பிரிந்தால், கூட்டாக நடத்திய கடை மூடப்பட்டால், நண்பர்கள் பேசாமல் போனால், “நான் அப்பவே நினைச்சேன்” என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். கடைசி நாளை வைத்து முதல் நாளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவோம். சேர்ந்து சிரித்தது, இரவெல்லாம் விழித்து ஒரு வரியைத் திருத்தியது, அது சரியாக வந்தபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எல்லாம் ஏதோ ஏமாற்று என்பதுபோல் ஆகிவிடும். கடைசி நாளுக்கு மட்டும் அவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது?

நீடிப்பதற்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறிக் கைமாறி வராவிட்டால், அன்று மொட்டை மாடியில் என் நண்பனுக்கு எண்ண ஒரு தாளமே இருந்திருக்காது. பிரிவில் அழகு காண்பதும் கேட்கிறவர்களுக்குத்தான் சுலபம், பிரிந்தவர்களுக்கு அது வலி. நானும் நண்பர்களும் கல்லூரியில் ஒரு குழு வைத்திருந்தோம். சில மேடைகள் ஏறினோம். பிறகு ஒருவன் சென்னைக்கும் ஒருவன் துபாய்க்கும் போனான். மிருதங்கக்காரனை இன்றும் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பார்த்தால், “மாப்ள, அப்ப விட்டிருக்கக் கூடாதுடா” என்பான். அவன் ஏக்கத்தை நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அன்று மேடையில் அவன் கொன்னக்கோலும் ராப்பும் கலந்து சொன்னபோது அரங்கம் எழுந்து நின்றதே, அது இந்த ஏக்கத்தால் ஒரு துளியும் குறையவில்லை என்று நம்புகிறேன்.

ராஜகோபுரத்தின் நிலைகளில் ஒன்றைக் கட்டும் செலவை ஏற்றுக்கொண்டவர் இளையராஜா. நூற்றாண்டுகள் நிற்கப்போகும் கோபுரத்துக்கும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் பாட்டுக்கும் கொடுத்தது ஒரே கைதான். இரண்டில் எது பெரிது என்று நான் ஏன் தராசு பிடிக்க வேண்டும்? குழு பிரிந்த பிறகு யோகி பி-யும் ஓய்ந்துவிடவில்லை. 2011-ல் ‘ஆடுகளம்’, 2017-ல் ‘விவேகம்’ என்று அவர் குரல் படங்களில் வந்துகொண்டுதான் இருந்தது. 2012-ல் கோவை ஆதி ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்று ஆல்பம் கொண்டுவந்தபோது, தமிழில் ராப் வருமா என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியை ‘வல்லவன்’ ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தது.

போன மாதம் எங்கள் தெருப் பையன்கள் நால்வர் வந்தார்கள். ராப் குழு. பெயர் வைப்பதிலேயே இரண்டு கட்சி. அதோடு ஒருவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. “அவன் போயிட்டா எல்லாம் முடிஞ்சிடும்ணா, அதான் ஆரம்பிக்கணுமான்னே யோசிக்கிறோம்” என்றான் மூத்தவன். அவன் எப்போது கிளம்புகிறான் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். “அப்ப நாலு ஞாயித்துக்கிழமை இருக்கு. பெயரை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பாட்டை ரெக்கார்ட் பண்ணுங்கடா” என்றேன். தில்லைநகரில் ஒரு ஸ்டூடியோவில் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். முதல் ஞாயிறுக்கான பணத்தை நான் கட்டிவிட்டேன்.